சீனாய் மலையடியில் இரண்டாம் கையெழுத்து

(மயிலாப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மன்றத்திலிருந்து சாந்தோம் பேராலயம் நடந்து போகிற தூரம்தான். அங்கே ஈஸ்டர் ஞாயிறிலிருந்து எண்ணி ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே கொண்டாடுகிறார்கள். சீடர்கள் மேல் தூய ஆவி இறங்கிய நாள் அது என்று இங்கே வந்திருக்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரியும். அன்றைக்கு எருசலேமில் அத்தனை தேசத்து ஜனங்களும் எதற்காகக் கூடியிருந்தார்கள் என்று கேட்டால் பலர் சற்று யோசிப்பார்கள். அவர்கள் யூதர்கள். தங்கள் பண்டிகைக்கு வந்தவர்கள். எபிரேய மொழியில் அதன் பெயர் ஷாவுவோத். தமிழ் பைபிளில் வாரங்களின் பண்டிகை. பஸ்காவின் இரண்டாம் இரவில் தொடங்கி நாற்பத்தொன்பது நாள் வாய்விட்டு எண்ணி, அதற்கு மறுநாள் இது வரும். நம் கணக்கில் பெரும்பாலும் வைகாசி. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாளாக யூதர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. மோசேயின் ஐந்து நூல்களில் இந்தப் பண்டிகை வரும் இடமெல்லாம் அது அறுவடைத் திருநாள்தான். கோதுமை அறுப்பு, முதற்பலன், காணிக்கை. சீனாய் மலையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. எகிப்தை விட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில் மக்கள் மலையடிக்கு வந்தார்கள் என்று யாத்திராகமம் சொல்கிறது. தோரா இறங்கிய தேதியைச் சொல்லவில்லை. பின்னால் வந்த யூத மத ஆசான்களான ரப்பிகள் கணக்குப் போட்டு இரண்டையும் இணைத்தார்கள். அந்தக் கணக்கிலும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சீவான் மாதம் ஆறாம் தேதி என்றார்கள் மற்றவர்கள். ஏழு என்று நின்றார் ரப்பி யோசே. குழந்தை பிறந்தால் நட்சத்திரம், பாதம், நாழிகை வரை குறித்து வைக்கும் நமக்கு இது உறுத்தும். யூத உரையாசிரியர்களுக்கோ இது வசதியாகவே பட்டது. போலந்தில் கோட்ஸ்க் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் இருந்தவர் ரப்பி மெனாகெம் மெண்டல். முன்கோபக்காரர், கடைசிக் காலத்தில் அறைக்குள் அடைந்துகொண்டவர். வழிபாட்டு நூலில் இந்த நாளைத் தோரா கொடுக்கப்பட்ட நாள் என்கிறோமே, பெறப்பட்ட நாள் என்று ஏன் சொல்வதில்லை என்று அவரைக் கேட்டார்கள். கொடுத்தது ஒரு நாளில் முடிந்துவிட்டது, பெறுவது முடியவில்லை, அது ஆளுக்கு ஆள் வேறு என்ற பொருளில் அவர் விடை சொன்னதாகச் சொல்வார்கள். நான் இன்று சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இப்படி ஒரு வாக்கியமாகச் சொன்னால் நன்றாக இருக்கிறதே தவிர, வயிறு நிறையவில்லை. கதைகளுக்குப் போவோம்.

தோரா என்றால் என்ன என்பதை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன். ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை மோசேயின் ஐந்து நூல்கள், தோல் சுருளில் கையால் எழுதப்பட்டவை, தோரா. அதோடு சேர்ந்து வாய்வழியாக வந்த விளக்கம், சட்டம், வாதம் எல்லாமும் தோராதான். அந்த வாய்மொழிப் பகுதி பிற்பாடு மிஷ்னா, தல்முத் என்று எழுத்தில் ஏறியது. பத்துக் கட்டளைகள் மட்டும்தான் சீனாயில் வந்தது என்று நினைப்பவர்கள் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த 1956ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களாக இருப்பார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பிகள் அந்தக் காட்சியை எழுதியிருந்தால் அதில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மித்ராஷ் எனப்படும் ரப்பிகளின் வேத விளக்கக் கதைகளில் அப்படித்தான் இருக்கிறது. தோரா இறங்கப்போகிற காலையில் இஸ்ரவேல் மக்கள் தூங்கிப்போனார்களாம். வைகாசி இரவு குறுகியது, தூக்கமோ சுகமானது. இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, கடவுள் வந்து நிற்கிறார், ஆட்களைக் காணோம். மோசே கூடாரம் கூடாரமாகப் போய் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தத் தவறுக்கு ஈடாகத்தான் இன்றும் ஷாவுவோத் இரவு முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறோம் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆட்டோமன் நாட்டில் யூதச் சட்ட அறிஞர் யோசேப் காரோவும் அவர் நண்பர்களும் அப்படி இரவெல்லாம் விழித்த பிறகுதான் இந்த வழக்கம் பரவியது. நம் சிவராத்திரி போலத்தான். ஒரு வித்தியாசம், அங்கே பசியோடு விழிப்பதில்லை. பால், பாலாடைக்கட்டிப் பலகாரங்கள் உண்டு. படிப்பும் தனியாகக் கிடையாது. இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து சத்தம்போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

இனி முக்கியமான கதை. தல்முத்தில் ஷாபாத் என்ற பகுதியில் வருவது. மக்கள் மலையின் அடியில் நின்றார்கள் என்று வேதம் சொல்கிறது. ரவ் அவ்திமி என்பவர் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். அடியில் என்றால் நேர் கீழே. கடவுள் மலையைப் பெயர்த்து, பெரிய தொட்டியைக் கவிழ்ப்பதுபோல் மக்கள் தலைக்கு மேலே பிடித்தார். தோராவை ஏற்றால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் கல்லறை இங்கேயே என்றார். இதைக் கேட்ட உடனே இன்னொரு ரப்பி, ரவ் அகா, எழுந்து ஆட்சேபித்தார். அப்படியானால் இந்த ஒப்பந்தமே செல்லாதே! பதிவாளர் அலுவலகத்தில் கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து மாதிரி அல்லவா இது? நாளைக்குக் கடவுள் வழக்குப் போட்டால், எங்களை மிரட்டித்தான் வாங்கினீர் என்று நாங்கள் தப்பித்துவிடலாமே!

யோசித்துப் பாருங்கள். தன் மதத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கிற ஆட்சேபத்தை அந்த மதத்தின் சட்ட நூல் தன் நடுப்பக்கத்தில் வைத்திருக்கிறது. அதை நாத்திகன் வாயில் போடவில்லை, மதிப்புக்குரிய ஓர் ஆசான் வாயிலேயே போட்டிருக்கிறது. விடை சொன்னவர் ராவா, 4ஆம் நூற்றாண்டுப் பாபிலோனியாவில் இருந்த பெரிய அறிஞர். ஆட்சேபத்தை அவர் மறுக்கவில்லை. மிரட்டல் உண்மைதான், ஆனாலும் அகாஸ்வேரு ராஜாவின் காலத்தில் யூதர்கள் அதைத் தாங்களாகவே மறுபடி ஏற்றுக்கொண்டார்கள் என்றார்.

அகாஸ்வேரு யார்? எஸ்தர் புத்தகத்தில் வரும் பாரசீக மன்னன். அவன் காலத்தில் யூதர்களைக் கூண்டோடு அழிக்க ஆமான் திட்டம் போட்டான், எஸ்தர் தடுத்தாள். பூரிம் பண்டிகையின் கதை. எபிரேய பைபிளில் உள்ள அந்தப் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. மலை இல்லை, இடி இல்லை, குரல் இல்லை. நாடு கடந்து, அந்நிய அரசனுக்குக் கீழே, எப்போது தலை போகும் என்று தெரியாமல் வாழ்ந்தவர்கள். கடவுள் இருக்கிறாரா என்று கேட்க எல்லா நியாயமும் உள்ள இடம். அங்கே இருந்துகொண்டு ஏற்றதைத்தான் ராவா செல்லும் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறார். சீனாயில் போட்டதைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்றே சொல்லலாம். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் எம்மானுவேல் லெவினாஸ் 1964இல் ஒரு முழுச் சொற்பொழிவையே இந்தப் பக்கத்துக்கு ஒதுக்கினார். யோசித்து முடித்துவிட்டுத்தான் நல்லவனாவேன் என்பவன் ஒருபோதும் ஆகமாட்டான் என்பது அவர் எடுத்த கோணம். எனக்கு லெவினாஸ் பாதி புரியும். ராவா முழுக்கப் புரிகிறார். காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

ராயப்பேட்டையில் அவ்வை சண்முகம் சாலை. நம்மில் பாதிப்பேர் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறோம். அங்கே சீனர் இடுகாடு, பஹாய் இடுகாடு, பக்கத்திலேயே யூதர் இடுகாடு. இருபது கல்லறைகூட இல்லை. சில கற்கள் வடசென்னையில் பழைய இடுகாடு இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வந்தவை. சென்னை யூதரின் முன்னோர் வாழ்ந்தது அந்தப் பக்கம்தான். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இன்றும் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்பது, கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்புவது. இதுதான் சென்னை யூதரின் தொழில். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நியமிக்கப்பட்ட 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். அக்காலத்தவரில் பெயர் அடிபடுபவர் ஜாக் தெ பைவா. 1687இல் வைரச் சுரங்கம் பார்க்கப் போய், நோயோடு திரும்பி இறந்தார். அவருடைய மனைவி ஹிரோனிமா பிறகு கவர்னர் எலிஹு யேலோடு வாழ்ந்ததைப் பற்றி அந்தக் காலத்துக் கோட்டையில் வம்பு பேசாதவர் இல்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அதே யேல்தான். வைர வியாபாரிகளை மகான்கள் ஆக்க நான் வரவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அவர்கள் போர்த்துகீசிய யூத சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 1497இல் போர்த்துகல் மன்னன் மானுவேல் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற வைத்தான். 1536இல் ரகசியமாக யூதராக வாழ்பவர்களைப் பிடிக்க அங்கே மத விசாரணை மன்றம் வந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றினால், பன்றி இறைச்சியைத் தள்ளி வைத்தால், வேலைக்காரி சாட்சி சொன்னால் போதும். 1560இல் கோவாவிலும் அந்த மன்றம் உட்கார்ந்தது. இந்திய மூலிகைகளைப் பற்றி முதன்முதலாக ஐரோப்பிய மொழியில் விரிவாக எழுதிய கார்சியா தா ஓர்தா அந்த வம்சத்தவர். 1568இல் அவர் நிம்மதியாகக் கோவாவில் செத்தார். 1580இல் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அப்போது நம் சாந்தோமும் போர்த்துகீசியர் குடியிருப்பு. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தில் ஒரு யூதர் தோராச் சுருளை வைத்திருந்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

மூன்று நான்கு தலைமுறை இப்படி ஓடியது. எபிரேயம் மறந்தது, சுருள்கள் போயின, வருஷத்தில் எந்த நாள் எந்தப் பண்டிகை என்பதும் மங்கியது. பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினார்கள். 1656க்குப் பிறகு லண்டனுக்கும் வந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் நடுவயதில் உட்கார்ந்து எபிரேய அரிச்சுவடி படித்தார்கள். அவர்களுக்காகப் போர்த்துகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் கையேடுகள் அச்சாயின. யாரும் அவர்கள் தலைக்கு மேல் மலையைப் பிடிக்கவில்லை. கிறிஸ்தவர்களாகவே இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். அப்படியே இருந்துவிட்டவர்களும் ஏராளம். அந்தச் சமூகத்தின் ஒரு கிளைதான் ஜார்ஜ் கோட்டைக்குக் கப்பலேறி வந்து பவளம் விற்றது. ராவா பேசிய இரண்டாம் கையெழுத்தை நான் அந்த இடுகாட்டுக் கல்லில் உள்ள எபிரேய எழுத்துகளில் பார்க்கிறேன்.

சரி, பெற்றது யாருக்காக? ரப்பிகள் இந்தக் கேள்வியையும் விடவில்லை. தோரா ஏன் பாலைவனத்தில் கொடுக்கப்பட்டது, தங்கள் சொந்த நாட்டில் ஏன் கொடுக்கப்படவில்லை என்று மெகில்தா என்ற பழைய உரை நூல் கேட்கிறது. சொந்த நாட்டில் கொடுத்திருந்தால் இது எங்கள் மண்ணில் வந்தது, உங்களுக்குப் பங்கு இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லத் தோன்றும். பாலைவனத்துக்குப் பட்டா கிடையாது. வருகிறவன் எடுத்துக்கொள்ளலாம். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை ஊருக்கே சொன்ன இராமானுசர் நினைவுக்கு வருகிறார், இல்லையா? ஆனால் அவர் குருவின் கட்டளையை மீறிச் சொன்னார். இங்கே கொடுத்தவரே வேலி போடாமல் கொடுத்தார் என்கிறது மெகில்தா. இதைச் சொல்லிவிட்டு, யூதர் அல்லாதவர் தோரா படிக்கலாமா கூடாதா என்று அதே ரப்பிகள் வேறிடத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சீனாயில் என்ன கேட்டது என்பதிலும் இதே கதைதான். ஒரு மித்ராஷ், குரல் எழுபது மொழியாகப் பிரிந்து, கிழவனுக்குக் கிழவன் சக்திக்கும் குழந்தைக்குக் குழந்தை சக்திக்கும் ஏற்பக் கேட்டது என்கிறது. மக்கள் காதில் விழுந்தது வெறும் ஒலிதான், சொல்லாகப் பிரித்தறிந்தவர் மோசே ஒருவரே என்றார் 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ். ஹசிடியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குருவான ரிமனோவ் ஊர் மெண்டல் இன்னும் ஒருபடி போய், முதல் எழுத்தான ஆலெஃப் மட்டுமே கேட்டது என்றாராம். அந்த எழுத்துக்குத் தனியே ஒலியே கிடையாது. போகப்போக இறங்கிக்கொண்டே வருகிறது பாருங்கள், கடைசியில் கேட்டது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மிச்சம் எல்லாம் கேட்டவர்கள் செய்தது என்று ஆகிறது. ஆசாரமானவர்கள் இதை இவ்வளவு தூரம் இழுக்கமாட்டார்கள். ஒவ்வோர் எழுத்தும் மேலிருந்து வந்தது என்பதே அவர்கள் நம்பிக்கை.

ஆனால் ஆசாரமானவர்களும் மனப்பாடமாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. ஒரு மண் அடுப்பு தீட்டுப்படுமா, படாதா என்று வழக்கு. ரப்பி எலியேசர் படாது என்கிறார். மற்ற எல்லோரும் படும் என்கிறார்கள். எலியேசர் எல்லா வாதமும் சொல்லிப் பார்த்துவிட்டு, நான் சொல்வது சரியானால் இந்தக் கரோப் மரம் நிரூபிக்கட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து தள்ளிப்போய் நின்றது. மரத்தை வைத்துச் சட்டம் நிரூபிக்க முடியாது என்றார்கள். ஓடும் தண்ணீர் நிரூபிக்கட்டும் என்றார். வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடியது. தண்ணீர் சாட்சி செல்லாது என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். எதிர்த்து ஓடும் தண்ணீர் என்றதும் உங்கள் மனசு திருவேடகத்துக்குப் போயிருக்கும். வைகையில் விட்ட ஏடு எதிரேறிப் போனதால் சம்பந்தர் வென்றார். நெருப்பில் வேகாத ஏடு, நீரில் எதிரேறிய ஏடு. நமக்கு அவைதான் தீர்ப்பு. பூம்பாவையைச் சாம்பலிலிருந்து எழுப்பிய ஊர் இது; அதிசயத்தைச் சாட்சியாக ஏற்பதில் நமக்குச் சங்கடமே இல்லை. அந்த ரப்பிகள் அதே அதிசயத்தைக் கண்ணால் பார்த்தார்கள், நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் செல்லாது என்றார்கள். கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்தது: எலியேசர் சொல்வதுதான் சரி. ரப்பி யோசுவா எழுந்து நின்று, தோரா இப்போது வானத்தில் இல்லை என்று உபாகமத்தைக் காட்டி வாதிட்டார். சீனாயில் கொடுத்தாகிவிட்டது, இனி பெரும்பான்மைப்படிதான் முடிவு, வானத்துக் குரலுக்கு இங்கே ஓட்டு இல்லை என்று விளக்கினார் பின்னால் வந்த ரப்பி எரேமியா. அதைக் கேட்டுக் கடவுள் சிரித்தாராம், பிள்ளைகள் தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று.

மேடைகளில் இந்தக் கதையை இந்தச் சிரிப்போடு முடித்துவிடுவார்கள். தல்முத் முடிக்கவில்லை. வென்றவர்கள் எலியேசரை விலக்கி வைத்தார்கள், அவர் தரையில் உட்கார்ந்து அழுதார், அந்த அழுகையால் விளைச்சல் கருகியது, தலைவரான கமாலியேலின் கப்பல் மூழ்கப் பார்த்தது என்று அது தொடர்கிறது. பெரும்பான்மை சட்டப்படி சரி. ஆனால் ஒரு கிழவரை அவமானப்படுத்திய கணக்கு தனியாக எழுதப்படுகிறது. எனக்குச் சிரிப்பைவிட இந்தப் பின்பகுதி பிடித்திருக்கிறது.

ரவ் யோசேப்பைப் பற்றிச் சொல்லாமல் ஷாவுவோத் பேச்சு நிறையாது. பாபிலோனியாக்காரர், கண்பார்வை இழந்தவர். ஷாவுவோத் அன்று மட்டும் நல்ல கன்றுக்குட்டி அடித்துச் சமைக்கச் சொல்வாராம். மயிலாப்பூரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, இருப்பதைச் சொல்கிறேன். ஏன் இவ்வளவு என்று கேட்டால், இந்த நாள் மட்டும் இல்லாவிட்டால் கடைத்தெருவில் போகிற எத்தனையோ யோசேப்புகளில் நானும் ஒருத்தன் என்பார். பிற்பாடு கடும் நோய் வந்து படித்தது எல்லாம் மறந்துபோயிற்று. அவருடைய மாணவர் அபாயே பக்கத்தில் இருந்து, ஐயா, இதை நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், இன்ன இடத்திலிருந்து எடுத்துச் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். மோசே கோபத்தில் உடைத்த கற்பலகைகளின் துண்டுகளும் முழுப் பலகைகளோடு ஒரே பெட்டியில்தான் இருந்தன, ஆகவே மறதி வந்த அறிஞரை மரியாதைக் குறைவாக நடத்தாதே என்று ஒரு போதனை உண்டு. தல்முத்தில் அதைச் சொல்பவர் இதே ரவ் யோசேப்பு.

கடைசியாக ஒரு மனக்குறை. சீனாய்க்கு முன் மக்களைத் தயார்ப்படுத்தும்போது, மூன்று நாள் பெண்ணிடம் போகாதீர்கள் என்று மோசே சொல்கிறார். அப்படியானால் யாரிடம் பேசுகிறார்? ஆண்களிடம் மட்டும். அந்த மலையடியில் பெண்கள் நின்றார்களா இல்லையா? 1990இல் ஜூடித் பிளாஸ்கோ என்ற அமெரிக்க யூத அறிஞர் இந்த ஒரு வசனத்தை மையமாக வைத்து ஒரு புத்தகமே எழுதினார். தன் மதத்தின் மூல நிகழ்ச்சியிலேயே தனக்கு இடம் இல்லை என்று வாசிக்கும் பெண் என்ன செய்வாள் என்பது அவர் கேள்வி. எல்லா உயிர்களும் அங்கே இருந்தன, இனிப் பிறக்கப்போகிறவையும் இருந்தன என்ற மரபான விடை அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை. இந்த விஷயத்தில் கொச்சி கொஞ்சம் உதவுகிறது.

கொச்சி யூதர் கதை நம் மொழிக்கு நெருங்கியது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் ஈசுப்பு இரப்பான். பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று நம் கல்வெட்டுகளில் பார்க்கும் அதே மரியாதைகள், மொத்தம் 72 உரிமைகள். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது. தோரா வாசிப்பு ஆண்டுச் சுற்று முடியும் சிம்ஹத் தோரா நாளில் அங்கே முன்பெல்லாம் மல்லிகைச் சரம் தொங்கும், தேங்காய் எண்ணெய் விளக்கு எரியும். வெள்ளிக் கூட்டில் வைத்த சுருள்களைத் தற்காலிகப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, பிறகு தூக்கிக்கொண்டு ஜெபாலயத்துக்கு வெளியே சுற்றி வருவார்கள். வெளியே சுற்றுவது கொச்சிக்கே உரிய வழக்கம் என்று அங்கே தங்கி ஆராய்ந்த நேதன் காட்ஸும் எல்லன் கோல்ட்பெர்கும் எழுதுகிறார்கள். கோயில் உற்சவத்தைப் பார்த்துப் பழகிய கண் அது.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. கொச்சி ஜெபாலயங்களில் வாசிப்பு மேடை இரண்டு. ஒன்று கூடத்தின் நடுவில், எல்லா ஊரிலும் இருப்பதுபோல். இன்னொன்று மாடியில். அந்த மாடி மேடையை ஒட்டியே, ஒரு மரத் தட்டியின் பின்னால், பெண்கள் பகுதி. பண்டிகை நாளிலும் சிறப்பு நாளிலும் சுருளை மேலே கொண்டுபோய் அங்கேதான் வாசிப்பார்கள். மற்ற ஊர்களில் பெண்களுக்குத் தோரா எட்டத்தில் கேட்கும். கொச்சியில், தட்டியின் இந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில். இது பெண்களுக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு என்று நான் சாதிக்கமாட்டேன். விளைவைத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்களுக்கு எபிரேயம் வாசிக்கத் தெரிந்திருந்தது. அதோடு தங்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டினார்கள். வேதக் கதைகள், மித்ராஷ், கல்யாணம், ஜெபாலயம் கட்டின கதை எல்லாம் பாட்டில் வந்தது. நோட்டில் எழுதிவைத்தது தாயிடமிருந்து மகளுக்குப் போயிற்று. பெண்கள் பாடும்போது ஆண்கள் எழுந்து போகவேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு ஊர்களில் உண்டு. கொச்சியில் ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

1950களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். ஒரு கூட்டம் நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் குடியேறியது. மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். சுருளை முறைப்படி சபையில் வாசிக்கப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் எண்ணிக்கை தேறும். இஸ்ரேலில் பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தார்கள், பாட்டு நோட்டுகள் பெட்டிக்குள் போயின. அந்த மலையாள எழுத்தைப் படிக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இஸ்ரேலின் வடக்கில் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணை ஒன்றில் ரூபி டேனியல் இருந்தார். கொச்சிக்காரர், 1912இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். வயதான காலத்தில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைப் படித்துப் பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கூட இருந்தார். கேரளத்திலிருந்து ஸ்கறியா சக்கறியா என்ற மலையாளப் பேராசிரியர், பிறப்பால் கிறிஸ்தவர், சேர்ந்துகொண்டார். 2004இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம் பாட்டுகளை ஒலித்தட்டாக வெளியிட்டது; 2005இல் மலையாளமும் எபிரேயமும் எதிரெதிரே அச்சான 'கார்குழலி' என்ற தொகுப்பு வந்தது. பாட்டிமார் குழுவாகக் கூடி மறுபடி பாடப் பழகினார்கள். மறந்த வரியை ஒருத்தி எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி தொடர்வாள். ஆண்கள் பத்துப் பேர் சேரவேண்டும் என்ற கணக்கெல்லாம் இந்தப் பாட்டுக்குக் கிடையாது.

நேரம் கடந்துவிட்டது. கேள்வி கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்; ஆட்சேபம் இருந்தால் இன்னும் நல்லது.